யாருடைய ஆள்?

திருவரங்கம் பெரிய கோயில் வாசலில் ஒருநாள் இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வானை நிறுத்தினார்கள். வைணவ குருபரம்பரை சொல்லும் வரலாறு இது. இராமானுசரைச் சோழ அரசன் அழைத்தபோது, போனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்து, அவருடைய காவியைத் தாம் உடுத்திக்கொண்டு அரசவைக்குப் போனவர் ஆழ்வான். அங்கே கண்களை இழந்தார். இராமானுசர் மேல்கோட்டைப் பக்கம் போய்விட்டார். பார்வையில்லாமல் ஊர் திரும்பிய ஆழ்வான் அரங்கனைச் சேவிக்க வந்தபோது, இராமானுசர் சம்பந்தம் உள்ள யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது அரசாணை என்று காவலாளி தடுத்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு காவலாளி, ‘இவர் எல்லாருக்கும் நல்லவர், இவரை மட்டும் விடலாம்’ என்றார். ஆழ்வான் உள்ளே போகவில்லை. ஆசாரிய சம்பந்தத்தைக் கழித்துவிட்டுத் தம் நற்குணத்துக்காகக் கிடைக்கும் தரிசனம் தமக்கு வேண்டாம் என்று திரும்பினார். குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலைக்குப் போய்விட்டார்.

ஆழ்வான் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதை அந்த வாசலில் யாரும் கேட்கவில்லை. அவர் யாருடைய ஆள் என்பது மட்டும்தான் கேட்கப்பட்டது. அந்தக் கேள்வி இன்றும் திருச்சியிலும் திருவரங்கத்திலும் நடமாடுகிறது. டீக்கடையில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில், வாடகை வீடு கேட்டுப் போகும் திண்ணையில், கல்லூரி வகுப்பில் எல்லாம் கேட்கப்படுகிறது. ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னால் அதை எடுத்து ஆராயாமல், அதே கருத்தைச் சொல்லும் வேறொருவரைக் காட்டி, ‘நீ அவன் ஆள்’ என்று பேச்சை முடித்துவிடுகிறோம். இதைத் தவறு என்று சொல்ல நமக்கு வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்றுத் தரும் பாடமே போலி வாதங்களின் வகைப்பாடுதான். எந்த ஏது நிற்கும், எது நிற்பதுபோல் தோன்றி விழும் என்று ஒரு காப்பியம் பொறுமையாகச் சொல்லித் தந்த மொழி நம்முடையது.

திருவரங்கமும் வாதத்துக்குப் பேர்போன ஊர். யக்ஞமூர்த்தி என்ற அத்வைதப் பேரறிஞர் இராமானுசரோடு இங்கே 18 நாள் வாதிட்டார் என்கிறது அதே குருபரம்பரை. வாதம் முடிந்ததும் அவர் அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்ற பெயரோடு இராமானுசரின் சீடரானார். தமிழில் ஞானசாரமும் பிரமேயசாரமும் எழுதினார். நேற்றுவரை எதிரணியில் நின்றவர் என்று அவரை ஒதுக்கிவைக்கவில்லை. தம் சீடர்கள் சிலரையே அவரிடம் பாடம் கேட்க அனுப்பினார் இராமானுசர். ஆக, ஆளைப் பார்த்துத் தடுத்த வாசலும் வாதத்தைக் கேட்டு ஏற்ற சபையும் ஒரே ஊரில்தான் இருந்தன. எது எப்போது மேலோங்கியது என்று பார்த்தால், நாம் வந்து சேர்ந்திருக்கும் இடம் புரியும்.

லண்டனில் ஒரு விஜயதசமி

1909 ஜூலை 1. லண்டனில் கர்சான் வைலி என்ற ஆங்கில அதிகாரியை மதன்லால் திங்கரா சுட்டுக் கொன்றார். திங்கரா, இந்தியா ஹவுஸ் என்ற மாணவர் விடுதியோடு பழக்கம் உள்ளவர். அன்றுமுதல் அந்த விடுதியில் தங்கியவர்களும் அங்கே போய்வந்தவர்களும் ஸ்காட்லாந்து யார்டின் பார்வையில் சந்தேகப் புள்ளிகள் ஆனார்கள். அந்த வட்டத்தில் திருச்சிக்காரர்கள் இருவர் இருந்தார்கள். வரகனேரியில் பிறந்து, சட்டம் படிக்கப் போன வ.வே.சு. ஐயர் ஒருவர். திருவரங்கத்திலிருந்து மருத்துவம் படிக்கப் போன டி.எஸ்.எஸ். ராஜன் மற்றவர்.

அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று இந்த மாணவர்கள் விஜயதசமி விருந்து ஏற்பாடு செய்தார்கள். தலைமை தாங்க, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் பிரதிநிதியாக அப்போது லண்டன் வந்திருந்த காந்தியை அழைத்தார்கள். சைவச் சாப்பாடாக இருக்க வேண்டும், சர்ச்சைக்குரிய அரசியல் பேசக் கூடாது என்ற நிபந்தனைகளோடு அவர் ஒப்புக்கொண்டார். அன்று சமையல் வேலையில் இருந்தவர்களில் ராஜனும் ஒருவர். ஒல்லியான, குள்ளமான ஒருவர் முன்கூட்டியே வந்து பாத்திரம் கழுவினார், காய்கறி வேலையில் கைகொடுத்தார். அவர்தான் விழாத் தலைவர் என்பது பிறகே தெரிந்தது என்று ராஜன் நினைவுகூர்ந்திருக்கிறார். அதே விருந்தில் சாவர்க்கரும் பேசினார்.

கொலை நடந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. யாரோடு உட்கார்ந்தார் என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால், காந்தியையும் துப்பாக்கிக் கட்சியில் சேர்த்துவிடலாம். நடந்தது அதற்கு நேர் எதிர். அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில், நவம்பர் 13 முதல் 22 வரை, அவர் ‘இந்திய சுயராஜ்யம்’ என்ற நூலை எழுதி முடித்தார். வன்முறையே வழி என்று நம்பிய அந்த இளைஞர்களின் வாதத்துக்கு விடைதான் அந்த நூல். வாசகர் கேட்க, ஆசிரியர் பதில் சொல்லும் உரையாடலாக எழுதினார். எதிர்த்தரப்பின் கேள்விகளை நூலுக்குள்ளேயே முழுதாகக் கேட்க விட்டார். கருத்தில் மலையும் மடுவுமாக வேறுபட்டவர்களோடு சேர்ந்து பாத்திரம் கழுவ முடிந்தது. அவர்களுடைய கருத்தை வரிவரியாக மறுக்கவும் முடிந்தது. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன.

ஐயர் காவல்துறைக்குத் தப்பி 1910இல் மாறுவேடத்தில் புதுச்சேரி வந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கே இருந்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்ட பிறகு கண்காணிப்பு இறுகியது. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் புதுச்சேரிப் பிரமுகர்கள் ஐந்து பேரிடம் நற்சான்றுக் கையெழுத்து வாங்கித் தர வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகம் சட்டம் போட்டது. அந்த நேரத்தில் ஐயருக்கும் பாரதிக்கும் கையெழுத்துப் போடுவது என்றால், பிரிட்டிஷ் போலீஸின் குறிப்பேட்டில் தன் பெயரையும் தானே எழுதிக்கொடுப்பதுதான். அந்த ஊர்ப் பிரமுகர் சங்கர செட்டியார் முன்னின்று கையெழுத்துகளைச் சேர்த்துத் தந்தார். வந்தவர்கள் தங்கினார்கள்.

மரக்கிளையில் கட்டிய சோறு

1930 ஏப்ரல் 13. திருச்சியில் டாக்டர் ராஜனின் வீட்டிலிருந்து இராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார்கள். வழி தஞ்சாவூர் மாவட்டம். அங்கே கலெக்டர் ஜே.ஏ. தார்ன். நடப்பவர்களைக் கைது செய்வதைவிட எளிய வழி ஒன்றை அவர் பார்த்தார். நடைப்பயணிகளுக்குச் சோறோ தங்க இடமோ தருபவர்களுக்கு ஆறு மாதம்வரை சிறை என்று தண்டனைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி அறிவிப்புக் கொடுத்தார்.

இதை நன்றாகப் பார்க்க வேண்டும். உப்பெடுப்பது குற்றம் என்று அரசு சொன்னது. உப்பெடுக்கப் போகிறவனுக்குச் சோறு போட்டவள் எந்தச் சட்டத்தை உடைத்தாள்? அவள் உப்பளத்தைப் பார்த்ததுகூட இருக்காது. போகிறவர்களின் ‘ஆள்’ என்று அவளை ஆக்கினால் ஊர் பயந்துவிடும், சோறு நின்றுவிடும், நடை தானாக நின்றுவிடும் என்பதுதான் கணக்கு. சேர்க்கையைக் காட்டி மிரட்டுவது எப்போதும் நடுவில் இருப்பவர்களை நோக்கித்தான். முன்னால் நடப்பவன் துணிந்துவிட்டவன். பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுப்பவனைத்தான் விலக்க வேண்டியிருக்கிறது.

தஞ்சை மாவட்டத்து ஜனங்கள் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். சோற்றைப் பொட்டலமாகக் கட்டிப் பாதையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் பாத்திரத்தோடு வைத்துவிட்டு இடத்துக்கு அடையாளம் வைத்தார்கள். யார் வைத்தது என்று தெரியாது, யார் எடுத்தது என்றும் தெரியாது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிக்காமல் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார், சிறைக்கும் போனார். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை எல்லா ஏற்பாட்டையும் செய்து சிறையையும் ஏற்றார். 15 நாளில் நடை முடிந்தது. ஏப்ரல் 30 அன்று உப்பெடுக்கப்பட்டது.

ரேகைப் பதிவேடு

அன்று எல்லாரும் நேர்மையாக வாதிட்டார்கள், இன்றுதான் கெட்டுப்போனது என்று சொன்னால் அது பொய். அதே காலத்தில், பிறந்த குடும்பமே குற்றம் என்று எழுதிய சட்டமும் இருந்தது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். குறவர், பிரமலைக் கள்ளர் என்று சமூகம் சமூகமாகப் பட்டியல் எழுதினார்கள். அதில் உள்ள ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ராத்திரி போலீஸ் காவலில் படுக்க வேண்டும், வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் நிலத்தை உழுதவர்கள், உப்பும் தானியமும் சுமந்து விற்றவர்கள், கூடை முடைந்தவர்கள். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947இல் இந்தச் சட்டம் போனது. நாடு முழுவதும் 1952இல் போனது. பதிவேட்டை மூடுவது எளிது. ஊர் வாயில் அது மூடப்படவில்லை. இன்றும் திருச்சியின் ஓரத்தில் ஒரு குடியிருப்பு உண்டு. அங்கே படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் விண்ணப்பத்தில் முகவரி எழுதத் தயங்குகிறார்கள். யாரோ சிலர் எங்கோ திருடியதற்கு, ஒரு தெருவில் பிறந்த எல்லாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் பெயரைச் சொல்லாமல் நான் இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் இருந்த சாதிப் பாகுபாட்டை நீக்கும் தீர்ப்பில், அந்தப் பழைய பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரைக் காரணமில்லாமல் கைது செய்யக் கூடாது என்று காவல்துறைக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. சட்டம் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நினைவூட்ட வேண்டியிருந்தது.

இரு நடைப்பயணம், ஒரே ஊர்

உப்புக்கு நடந்து எட்டு ஆண்டு கழித்து, அதே திருச்சியிலிருந்து இன்னொரு நடைப்பயணம் கிளம்பியது. 1938 ஆகஸ்ட் 1. கட்டாய இந்தியை எதிர்த்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் தமிழர் பெரும்படையோடு சென்னைக்கு நடந்தார்கள். எதிர்க்கப்பட்டவர் சென்னை மாகாணப் பிரதமர் இராஜாஜி. எதிர்ப்பின் பின்னால் நின்றவர் பெரியார். திருச்சி புத்தூரில் இன்றும் பெரியார் மாளிகை இருக்கிறது. இந்த ஊர் அவருக்கு இரண்டாவது வீடு.

இராஜாஜியும் பெரியாரும் சேலத்திலும் ஈரோட்டிலும் நகரசபைத் தலைவர்களாக இருந்த காலத்திலிருந்து நண்பர்கள். அரை நூற்றாண்டு மேடையில் எதிர்த்தார்கள். ஒருவர் வாதத்தை மற்றவர் விட்டுவைத்ததே இல்லை. 1949 மே மாதம் திருவண்ணாமலையில் கவர்னர் ஜெனரலாக வந்த இராஜாஜியைப் பெரியார் தனியாகச் சந்தித்தார். பேசியது வெளியே வரவில்லை. ஜூலையில் மணியம்மையாரைப் பெரியார் மணந்தபோது, இது இராஜாஜி கொடுத்த யோசனை என்று தொண்டர்களில் பலர் முடிவுகட்டினார்கள். தனியாகச் சந்தித்தார் என்பதே சான்றாகிவிட்டது. அந்தத் திருமணத்தில் இயக்கத்தவர் எழுப்ப நியாயமான கேள்விகள் இருந்தன. வாரிசு யார், இயக்கச் சொத்து யாருடையது என்பவை பொதுக் கேள்விகள்தாம். அவற்றைப் பேச இராஜாஜியின் பெயர் தேவைப்படவில்லை.

1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது 93 வயதுப் பெரியார் வந்து நின்று அழுதார். அதனால் அவருடைய கொள்கையில் ஒரு வரி மாறியது என்று யாராலும் காட்ட முடியாது. அவர்கள் இருவரிடமும் நாம் கற்க வேண்டியது இதைத்தான். நட்பு ஒரு கணக்கு, கொள்கை இன்னொரு கணக்கு. ஒன்றின் வரவை மற்றதன் செலவில் எழுதக் கூடாது.

கொள்ளிடக் கரையில் இன்று

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாளில், ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணை மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய அணை. ஊர் முழுக்கப் பேச்சு. அப்போது மட்டுமில்லை, இப்போதும் ஆறு பெருகும்போதெல்லாம் டீக்கடையில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

“மணல் அள்ளினதுதாண்ணே காரணம். தூணுக்கு அடியில பிடிமானமே இல்லாம போச்சு.”

“இதை யாரு சொல்லிட்டுத் திரியறாங்க தெரியும்ல? அந்தக் கட்சிக்காரங்க. நீயும் அந்தப் பக்கம் போயிட்டியா?”

“நான் எந்தப் பக்கமும் போகலண்ணே. எங்க வீட்டுல காலங்காலமா யாருக்குப் போடுவோம்னு உங்களுக்கே தெரியும்.”

“அப்பறம் ஏன் அவங்க பேசறதைப் பேசறே?”

இந்த நான்கு கூற்றுகளில் என்ன நடந்தது என்று நிதானமாகப் பார்க்கலாம். முதல் கூற்று ஆற்றைப் பற்றியது. மணல் மட்டம் எவ்வளவு இறங்கியது, தூணின் அடித்தளம் எவ்வளவு ஆழம், எத்தனை கன அடி தண்ணீர் வந்தது, 180 ஆண்டுப் பழைய அணையை யார் எப்போது சோதித்தார்கள் என்றெல்லாம் அதைச் சோதிக்கலாம். காரணம் மணல் இல்லை, வயதுதான் என்றுகூட முடிவு வரலாம். இரண்டாவது கூற்று ஆற்றை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தது. மூன்றாவதில் அந்தத் தம்பியும் ஆற்றை விட்டுவிட்டான். தன் குடும்பம் யாருக்கு ஓட்டுப் போடும் என்பதை ஒப்பிக்கிறான். நான்காவதில் பேச்சு முடிந்தது. மணலைப் பற்றி ஒருவரும் மறுத்துப் பேசவில்லை, ஒருவரும் நிரூபிக்கவும் இல்லை.

இந்தப் போலியின் பெரிய சேதம் அடுத்த முறைதான் தெரியும். அடுத்த வெள்ளத்தில் அந்தத் தம்பி வாயைத் திறக்க மாட்டான். பெயர் கெட்டுவிடும் என்ற பயம் ஊரின் கண்களில் ஒரு ஜோடியைக் குறைத்துவிடும். ஆற்றைத் தினம் பார்ப்பவர்கள் சொல்லாமல் நிறுத்திவிட்டால், ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு சம்பவத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2006 டிசம்பரில், திருவரங்கம் கோயிலுக்கு எதிரே வைக்கப்பட்ட பெரியார் சிலை, திறக்கப்படுவதற்கு முன்பே உடைக்கப்பட்டது. அது குற்றம். செய்தவர்களைப் பிடித்துத் தண்டிப்பது சட்டத்தின் வேலை. ஆனால் அதற்குப் பழியாக வேறு ஊர்களில் கோயில்களில் தாக்குதல் நடந்தது. சிலை உடைப்பில் கையோ வாயோ வைக்காதவர்கள், ஒரு சாதியில் பிறந்ததற்காகவே தாக்கப்பட்டார்கள். அதே நாள்களில், சிலை வேண்டும் என்று சொன்ன எல்லாரும் கோயிலை இடிக்க வந்தவர்கள் என்ற பேச்சும் பரவியது. இரு பக்கமும் ஒரே போலியை ஆயுதமாக எடுத்தன. அந்த மாதமே சிலை திறக்கப்பட்டது. சிலையும் இராஜகோபுரமும் இன்று எதிரெதிரே நிற்கின்றன; இரண்டையும் தாண்டித்தான் ஜனங்கள் தினமும் போய்வருகிறார்கள்.

என்ன மாறியது?

அன்று ‘யாருடைய ஆள்’ என்று கேட்டது அதிகாரம். அரசனின் காவலாளி கேட்டான், கலெக்டர் கேட்டார், ரேகைப் பதிவேட்டோடு வந்த போலீஸ்காரர் கேட்டார். ஜனங்களில் பலர் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க வழி தேடினார்கள். சிலர், ‘ஆமாம், அவர் ஆள்தான்’ என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். இன்று அதிகாரம் கேட்பது நின்றுவிடவில்லை. தடைசெய்யப்பட்ட அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பது மட்டும் குற்றமாகாது, வன்முறையில் பங்கு இருக்க வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று மாற்றியது. இதன் நியாய அநியாயத்தைச் சட்டம் தெரிந்தவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

ஆனால் பெரிய மாற்றம் நம்மிடம்தான் நடந்திருக்கிறது. அன்று சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த காவல் வேலையை இன்று நாமே சம்பளமில்லாமல் எடுத்துக்கொண்டோம். கல்யாண வீட்டில் எடுத்த ஒரு போட்டோவில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பெரிதாக்கிப் பார்க்கிறோம். பத்து ஆண்டுக்கு முன் யாருடைய பதிவுக்கு ‘லைக்’ போட்டார் என்று தேடி எடுத்து வந்து வைக்கிறோம். வீடு கேட்டு வருபவரிடம் வாடகை பற்றிப் பேசும் முன் ஊரும் ஆட்களும் விசாரிக்கிறோம். அண்ணனும் தம்பியும் இருக்கும் குழுவில் ஒரு செய்தி வந்தால், அது உண்மையா என்று பார்க்கும் முன், எந்தச் சேனலில் வந்தது என்று பார்த்து முகம் சுளிக்கிறோம். 1950இல் அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்ட் பட்டியலை ஆட்டிக் காட்டியபோது, பழைய கூட்டத்துக்குப் போனதும் பழைய நண்பரின் பெயரும் பலர் வேலையைப் பறித்தன. அதற்கு ஒரு செனட் குழு தேவைப்பட்டது. நமக்குக் கையில் உள்ள போன் போதும்.

நாரும் பூவும்

‘பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ‘பன்றியோடு சேர்ந்த கன்றும் கெடும்’ என்றும் கேட்டிருக்கிறோம். திருக்குறளின் 46ஆம் அதிகாரமே சிற்றினம் சேராமை. அப்படியானால் சேர்க்கையைப் பார்ப்பது எப்படித் தவறாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வள்ளுவர் அந்த அதிகாரத்தில், யாரோடு பழக வேண்டும் என்று நம்மை நாமே காத்துக்கொள்ளும் வழியைச் சொல்கிறார். ஒரு சொல் மெய்யா பொய்யா என்று தீர்மானிக்கும் இடத்தில், அறிவுடைமை என்ற 43ஆம் அதிகாரத்தில், சொன்னவர் யார் என்பதைத் தள்ளிவைத்துப் பொருளின் உண்மையைப் பாருங்கள் என்கிறார். ஒன்று நம் வாழ்க்கைக்கு, மற்றது நம் வாதத்துக்கு. மகனிடம் ‘அவனோடு சேராதே’ என்று அப்பா சொல்லலாம். ‘நீ அவனோடு சேர்ந்தவன், ஆகவே நீ போட்ட கணக்குத் தப்பு’ என்று வாத்தியார் சொல்லக் கூடாது.

சேர்க்கையைக் கட்டாயம் கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. மணல் குவாரி எடுத்தவர், ‘மணல் அள்ளினால் ஆற்றுக்கு ஒன்றும் ஆகாது’ என்றால் அவருக்கு அதில் என்ன லாபம் என்று கேட்பது முறை. மருந்துக் கம்பெனியிடம் பணம் வாங்கும் மருத்துவர் அந்த மருந்தையே எழுதித் தந்தால் கேட்கலாம். நீதிமன்றத்தில் சாட்சிக்கும் வாதிக்கும் உறவு உண்டா என்று கேட்கிறார்கள். இங்கெல்லாம் ஆதாயம் சொல்லை வளைத்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுகிறது. அந்தச் சந்தேகம் நம்மை ஆதாரத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வைக்க வேண்டும். குவாரிக்காரர் சொல்வது பொய் என்பது, ஆற்றை அளந்த பிறகு தெரிய வேண்டியது. அவர் குவாரிக்காரர் என்பதாலேயே அது தெரிந்துவிடாது. ஆதாரத்தைப் பார்க்காமல் இருக்கச் சேர்க்கையைச் சாக்காக்கும் இடத்தில்தான் போலி தொடங்குகிறது.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கருத்து நமக்குக் கசந்தால், அதைச் சொன்னவர் பெயரை எடுத்துவிட்டு, நாம் மதிக்கும் ஒருவர் பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டும். உடனே இனித்தால், நாம் கருத்தை எடைபோடவே இல்லை.

பிள்ளைகளுக்கு

திருச்சி கல்லூரிகளின் ஊர். நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் இங்கே வந்த புனித வளனார் கல்லூரி, 1919இல் பிறந்த தேசியக் கல்லூரி, 1951இல் பிறந்த ஜமால் முகமது கல்லூரி, பிஷப் ஹீபர் கல்லூரி என்று எல்லாச் சமயத்தாரும் கட்டிய கல்விக்கூடங்கள் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. 1950களில் ஏசு சபையார் நடத்திய வளனார் கல்லூரியில், திருவரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பையன் ரங்கராஜனும் இராமேசுவரத்து முஸ்லிம் வீட்டுப் பையன் அப்துல் கலாமும் படித்தார்கள். முதலாமவர் எழுத்தாளர் சுஜாதா ஆனார். இரண்டாமவர் குடியரசுத் தலைவர் ஆனார். கலாம் தமக்கு இயற்பியல் சொல்லித் தந்த சின்னதுரை, கிருஷ்ணமூர்த்தி என்ற இரு பேராசிரியர்களைத் தம் சுயசரிதையில் நன்றியோடு குறிப்பிடுகிறார். அணுவின் உள்ளமைப்பைச் சொல்லித் தந்தவர்களுக்கு, பையன் யாருடைய ஆள் என்பது தேவைப்படவில்லை.

இந்தக் கல்லூரிகளில் இன்றும் பட்டிமன்றமும் பேச்சுப் போட்டியும் நடக்கின்றன. அங்கிருந்துதான் மாற்றம் தொடங்க வேண்டும். இதற்கு இராமானுசரின் ஸ்ரீபாஷ்ய உரையே முன்மாதிரி. எதிர்த்தரப்பான அத்வைத வாதத்தைப் பூர்வபட்சமாக, அதன் முழு பலத்தோடு, பக்கம் பக்கமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுக்கத் தொடங்குகிறார். நூல் எழுதுகிறவனுக்கு நன்னூல் வகுத்த ஏழு மதங்களில் ஒன்று, பிறர் கொள்கையை முதலில் ஏற்று நின்று, பிறகு களைவது. வடமொழி மரபும் தமிழ் மரபும் இந்த ஓர் இடத்தில் ஒன்றையே கேட்கின்றன.

நடுவர்கள் ஒரு விதியைச் சேர்த்தால் போதும். எதிரணி சொன்னதை, எதிரணி ‘ஆமாம், இதைத்தான் சொன்னோம்’ என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகே மறுக்க வேண்டும். ‘நீங்கள் இன்னார் ஆள்’ என்று தொடங்கினால் மதிப்பெண் கழிய வேண்டும். இந்தப் பழக்கத்தோடு வெளியே வரும் பிள்ளை டீக்கடையிலும் குடும்பக் குழுவிலும் மணல் மட்டம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தக் கட்சிக்காரராலும் முடியும்.